ஸ்கைலாப் விழுந்த ஊருக்கு, அம்மாவோடு

முதல் நாள்: பெர்த்திலிருந்து கல்கூர்லி, 600 கி.மீ.

காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தேன். ஜூலை மாதக் குளிர், ஆஸ்திரேலியாவில் அதுதான் குளிர்காலம். அம்மா பின்சீட்டில் ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, காதைச் சுற்றி மஃப்ளர் என்று முகம் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் என் மகள். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் கட்டிக் கொடுத்து, "கங்காரு குறுக்கே வந்தா ஸ்டியரிங்கைத் திருப்பாதீங்க, பிரேக் மட்டும் போடுங்க" என்று பத்தாவது முறையாகச் சொல்லி அனுப்பினாள்.

இந்தப் பயணம் போன மாதம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆரம்பித்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு, வானத்தில் நகர்ந்துபோன சர்வதேச விண்வெளி நிலையத்தைக் காட்டினேன். "அதுக்குள்ள ஆள் இருக்காங்கம்மா" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "இது விழாதுல்ல?"

1979-இல் அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் விழப்போகிறது, எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது என்று ரேடியோவில் சொன்னதுமே ஊர் மாறிவிட்டதாம். வாங்கின கடனைக் கட்டுவதை நிறுத்தினார்கள். விதை நெல்லைப் பொங்கிச் சாப்பிட்டவர்களும் உண்டு. என் அம்மாச்சி, "சாகப்போறோம், கோழியை யாருக்கு விட்டுட்டுப் போறது" என்று வளர்த்த கோழிகளை ஒவ்வொன்றாக அறுத்துக் குழம்பு வைத்தார். மூன்று நாள் மூன்று வேளையும் கறிச்சோறு. நாலாம் நாள் வழக்கம்போல விடிந்தது. யாரும் சாகவில்லை, கோழிதான் இல்லை. "அந்த வருசம் பூரா முட்டைக்குப் பக்கத்து வீட்ல போயி நின்னோம்" என்றார் அம்மா.

"அது எங்க விழுந்துச்சுன்னு தெரியுமாம்மா?"

"கடல்லன்னாங்க."

"பாதி கடல்ல. மீதி இங்க. நம்ம வீட்ல இருந்து ஒரு நாள் ஓட்டம்."

அம்மா என்னை நம்பாத மாதிரி பார்த்தார். சரி, போய்க் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். துண்டுகளை வைத்திருக்கும் எஸ்பரன்ஸ் ஊருக்கு நேராகப் போனால் 700 கி.மீ.தான். நான் கிழக்கே சுற்றி, துண்டுகள் சிதறிய காட்டுவழியே போகலாம் என்று நினைத்தேன். பிடிவாதம்தான்.

நெடுஞ்சாலையை ஒட்டியே ஒரு பெரிய இரும்புக் குழாய் கூட வந்துகொண்டிருந்தது. பெர்த் அருகிலுள்ள மண்டேரிங் அணையிலிருந்து கல்கூர்லி தங்கச் சுரங்கத்துக்கு 500 கி.மீ.க்கு மேல் தண்ணீர் கொண்டுபோகும் குழாய். 1903-இல் திறந்தது, இன்றும் ஓடுகிறது. அம்மாவுக்கு அதன்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. எங்கள் பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டம் தெரிந்தவர்களுக்கு வராமல் இருக்குமா?

சதர்ன் கிராஸ் ஊரில் புளிச்சோற்றைப் பிரித்தபோது மகள் கேட்டாள், ஸ்கைலாப் என்றால் என்ன என்று. சுருக்கமாகச் சொன்னேன். நிலவுக்கு ஆள் அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் மேலடுக்கு ஒன்றை எடுத்து, அதன் ஹைட்ரஜன் தொட்டிக்குள் மாடி வைத்து வீடு கட்டினார்கள். கீழே இருந்த ஆக்ஸிஜன் தொட்டி? அதைக் குப்பைத்தொட்டி ஆக்கிவிட்டார்கள். இரண்டு மாடி வீடு அளவு, எடை எழுபது டன்னுக்கு மேல். அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையம் அது. உலகத்தின் முதலாவது அதற்கு இரண்டு வருடம் முன்பே சோவியத் அனுப்பிய சல்யூத் 1. அதில் 23 நாள் இருந்துவிட்டுத் திரும்பிய மூன்று பேரும் 1971 ஜூன் 30 அன்று இறங்கும் வழியில் கலத்தின் காற்று கசிந்து இறந்துபோனார்கள். அதை மகளிடம் சொல்லவில்லை. சாப்பிடுகிற நேரம்.

1973 மே 14 அன்று ஸ்கைலாப் கிளம்பியது. சாட்டர்ன் 5 பறந்தது அதுதான் கடைசி முறை. கிளம்பிய 63-ஆவது விநாடியில், விண்கல் துகள்களிலிருந்தும் வெயிலிலிருந்தும் காக்க வெளிச்சுவரில் ஒட்டிப் போர்த்தியிருந்த மெல்லிய கவசம் காற்றில் பிய்ந்தது. போகிற போக்கில் ஒரு சூரியத்தகடு இறக்கையையும் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த இன்னொரு இறக்கை விரியாமல் மாட்டிக்கொண்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கரண்டும் பாதி இல்லை. உள்ளே வெப்பம் ஐம்பது டிகிரியைத் தாண்டியது.

"அக்னி நட்சத்திரத்துல ஓட்டு வீடு" என்றார் அம்மா. அதேதான்.

இரவு கல்கூர்லி. மோட்டல் அறையில் ஹீட்டர் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

இரண்டாம் நாள்: கல்கூர்லி, நார்ஸ்மன், பலடோனியா

சூப்பர் பிட் என்ற ராட்சதத் தங்கக்குழியை எட்டிப் பார்த்தோம். பெரிய பள்ளம், அடியில் எறும்பு மாதிரி லாரிகள். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நார்ஸ்மன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டியில் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஓரங்கட்டிப் பார்த்தால், முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு கழன்று டயரில் உரசுகிறது. பிடுங்கவும் வரவில்லை, உள்ளே போகவும் இல்லை. மெதுவாக உருட்டிக்கொண்டே ஊருக்குள் வந்து பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். மூன்று பெட்டி கோத்த ரோடு டிரெயின் லாரி ஓட்டுநர் ஒருவர், நான் கேட்காமலே வந்து குனிந்து பார்த்தார். வண்டியிலிருந்து ஒரு கட்டரும் நாலு கேபிள் டையும் கொண்டுவந்தார். மடங்கியிருந்த ஓரத்தை வெட்டி, மிச்சத்தை இழுத்துக் கட்டி, "அடிலெய்டு வரைக்கும் தாங்கும்" என்று சொல்லிவிட்டுக் காபி வாங்கப் போய்விட்டார். மொத்தம் ஆறு நிமிடம். பணம் வாங்கவில்லை. அம்மா கொடுத்த முறுக்கை வாங்கிக்கொண்டார்.

ஸ்கைலாப்பைக் காப்பாற்றியதும் இப்படி ஒரு வேலைதான். முதல் குழுவில் பீட் கான்ராட், ஜோசப் கெர்வின், பால் வைட்ஸ். மறுநாளே கிளம்ப வேண்டியவர்களைப் பத்து நாள் நிறுத்திவைத்து, அதற்குள் கூரைக்கு வழி தேடினார்கள். ஹூஸ்டன் நாசா மையத்தில் ஜாக் கின்ஸ்லர் என்ற பட்டறை மேலாளர், மீன்பிடித் தூண்டில் கம்பு ஒன்றுக்குள் ஒன்று நீளுவதைப் பார்த்து ஒரு குடை செய்தார். கருவிகளை வெளியே நீட்ட இருந்த சின்ன துவாரம் வழியாக உள்ளிருந்தே அதை வெளியே தள்ளி விரித்தார்கள். வெயில் மறைந்தது, வீடு குளிர்ந்தது.

ஜூன் 7 அன்று கான்ராடும் கெர்வினும் வெளியே போனார்கள். பிய்ந்த கவசத்தின் அலுமினியப் பட்டை ஒன்றுதான் இறக்கையைப் பிடித்து வைத்திருந்தது. நீளக் கம்பின் முனையில் கட்டரை வைத்து அதை வெட்டினார்கள். அப்படியும் இறக்கை வரவில்லை, கீல் இறுகிக் கிடந்தது. இறக்கையில் கட்டிய கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் முதுகை நிமிர்த்தி எழுந்தார்கள். கீல் விட்டது, ஆட்கள் இரண்டு பேரும் தூக்கி எறியப்பட்டார்கள். இடுப்புக் கயிறு இழுத்துப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் இறக்கை விரிந்துகொண்டிருக்கிறது. கான்ராட் அதற்கு முன்பே நிலவில் நடந்தவர். ஆனாலும் இந்தப் பட்டையை வெட்டியதுதான் அவர் செய்ததிலேயே பெரிய வேலை என்பது என் கட்சி.

நார்ஸ்மன் நடு ரவுண்டானாவில் தகர ஒட்டகங்கள் நிற்கின்றன. குதிரை ஒன்று குளம்பால் கிளறியபோது தங்கம் கிடைத்ததாகச் சொல்லி அந்தக் குதிரையின் பெயரையே ஊருக்கு வைத்தவர்கள், ஒட்டகத்துக்கும் ஒரு மரியாதை செய்திருக்கிறார்கள். அங்கிருந்து கிழக்கே 190 கி.மீ. பலடோனியா. வழியில் யூகலிப்டஸ் காடு, பிறகு புதர், பிறகு வானம். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஐந்து மணிக்கு மேல் இந்தப் பக்கம் ரோடு கங்காருக்களுக்குச் சொந்தம்.

மூன்றாம் நாள்: பலடோனியா

நேற்று போனில் சிக்னல் சரியாக இல்லை, இரண்டு நாள் பதிவையும் சேர்த்துப் போடுகிறேன்.

பலடோனியாவை ஊர் என்று சொல்ல முடியாது. ஒரு பெட்ரோல் பங்க், உணவகம், மோட்டல், பின்னால் சின்ன அருங்காட்சியகம். கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு வளைவுகூட இல்லாமல் 146.6 கி.மீ. நேராக ஓடும் சாலை ஆரம்பிக்கிறது. அதன் பெயர்ப்பலகைக்குக் கீழே அம்மாவை நிறுத்திப் படம் எடுத்தேன். "இதுல ஒருத்தன் தூங்காம எப்படி ஓட்டுவான்" என்றார்.

ராத்திரி எட்டு மணிக்கு மூவரும் வெளியே வந்து நின்றோம். குளிர் மூக்கைப் பிடித்தது. தலைக்கு மேலே நட்சத்திரக் கூட்டம். 1979 ஜூலை 12, நள்ளிரவு தாண்டி அரை மணி நேரம் கழித்து, இந்த வானத்தில்தான் அது வந்தது. பார்த்தவர்கள் முதலில் நீலமாக, பிறகு செம்மஞ்சளாகப் பல விளக்குகள் வரிசையாகப் போனதைச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் கழித்து இடி மாதிரி முழக்கம். பிறகு துண்டுகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம்.

ஏன் விழுந்தது? கடைசிக் குழு 1974 பிப்ரவரியில் இறங்கியபோது, இது இன்னும் எட்டு, ஒன்பது வருடம் தாங்கும் என்றுதான் நினைத்தார்கள். அதற்குள் புது விண்கலமான ஷட்டில் தயாராகிவிடும், மேலே போய்த் தள்ளிவிட்டால் போதும் என்பது திட்டம். ஷட்டில் 1981 வரை பறக்கவில்லை. சூரியனோ எதிர்பார்த்ததைவிடக் கொதித்தது. சூரியன் கொதித்தால் பூமியின் மேல்காற்று சூடாகி உப்பும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிறவை மேல் அந்தக் காற்று மெல்ல உரசி இழுக்கும். இதில் ஒரு வேடிக்கை: ஸ்கைலாப்பின் முக்கியமான வேலையே சூரியனைப் படம் பிடிப்பதுதான். அதற்கென்று பெரிய தொலைநோக்கித் தொகுதியே இருந்தது.

கடைசிச் சுற்றில், வட அமெரிக்காவின் தலையில் விழாமல் இருக்க, ஹூஸ்டனிலிருந்து நிலையத்தைக் கரணம் போடவைத்தார்கள். அப்படி உருண்டால் காற்றின் இழுவை குறையும், கொஞ்சம் தள்ளிப்போய்க் கடலில் விழும் என்பது கணக்கு. நிலையம் நினைத்ததைவிடக் கெட்டியாக இருந்தது. உடையத் தாமதமானது. அந்தத் தாமதத்தில் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி, மிச்சம் இங்கே வந்துவிட்டது.

உலகத்தில் யாராவது ஒருவர்மேல் விழ 152-இல் ஒரு வாய்ப்பு என்று நாசா கணக்குச் சொல்லியிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "கம்மிதான்" என்றார். பிறகு யோசித்து, "ஆனா அது எங்கம்மாவுக்கு யாரு சொன்னா?" என்றார். பதில் இல்லை.

அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரே இந்த உணவகத்துக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டதாக இங்கே சொல்கிறார்கள். பொய்யாகவே இருந்தாலும் அந்தக் கதையை விடச் சொல்லி நான் கேட்க மாட்டேன்.

நான்காம் நாள்: எஸ்பரன்ஸ்

நார்ஸ்மனுக்குத் திரும்பி, தெற்கே சால்மன் கம்ஸ் வழியாக எஸ்பரன்ஸ். அதிகாலையில் கிளம்பியதால் பதினொரு மணிக்கே ஜேம்ஸ் தெருவில் அருங்காட்சியக வாசலில் நின்றோம். பூட்டியிருந்தது. மத்தியானம்தான் திறப்பார்களாம். முதல் நாளே பார்த்திருக்கலாம், நான் பார்க்கவில்லை. மகள் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தாள். கடற்கரையில் மீனும் சிப்ஸும் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன்.

பழைய ரயில்வே சரக்குக் கொட்டகைதான் அருங்காட்சியகம். மரச்சாமான், பழைய வண்டிகள், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் நடுவில் ஸ்கைலாப். ஒருகாலத்தில் இந்தியாவையே நடுங்கவைத்த சாமான், ஊர்க்காரர்களின் அடுப்பங்கரைச் சாமான்களுக்குப் பக்கத்தில் அமைதியாக இருந்தது. நெளிந்த தகடு, பஞ்சு மாதிரி பிரிந்து கருகிய காப்புப் பொருள், உருகி ஓடி உறைந்த உலோகம். உருண்டையான ஒரு தொட்டி. நிலையத்தைத் திருப்பி நிறுத்த நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சுவார்கள், அதை அடைத்து வைக்க டைட்டானியத்தில் செய்த உருண்டைகள் இருந்தன. டைட்டானியம் லேசில் உருகாது, அதனால் வந்து சேர்ந்தது.

அம்மா கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிப் பார்த்தார். "பித்தளைக் கடையில ஈயம் பூச எடுத்து வச்ச அண்டா மாதிரில்ல இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கதைகளுக்குப் பஞ்சமில்லை. சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று, முதல் துண்டை 72 மணி நேரத்துக்குள் கொண்டுவருபவருக்கு 10,000 டாலர் என்று அறிவித்திருந்தது. அமெரிக்காவில் விழாது என்ற தைரியம். இந்த ஊரின் 17 வயதுப் பையன் ஸ்டான் தார்ன்டன், தன் வீட்டில் விழுந்த கருகல்களைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறி, நேரத்துக்குப் போய்ப் பணத்தை வாங்கிவிட்டான். அந்த மாதமே பெர்த்தில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டி (மிஸ் யுனிவர்ஸ்) மேடையில் ஒரு துண்டைக் காட்சிக்கு வைத்தார்கள். முடிசூட்டும் நேரத்தில் அந்த மேடையே சரிந்தது தனிக் கதை. எஸ்பரன்ஸ் ஊராட்சி, பொது இடத்தில் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதச் சீட்டு எழுதியது. நாசா கட்டவில்லை. முப்பது வருடம் கழித்து, 2009-இல், கலிபோர்னியாவின் ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர் நேயர்களிடம் வசூல் செய்து கட்டிவைத்தார்.

இவ்வளவும் விழுந்த கதை. துண்டுகளைப் பார்க்கப் பார்க்க, இது ஒரு வீடாக இருந்ததே என்பதுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்கு அதைத்தான் சொன்னேன்.

மொத்தம் ஒன்பது பேர், மூன்று தடவையாக, 171 நாள் குடியிருந்த வீடு. சாப்பாட்டு மேசை முக்கோணம். மூன்று பேரில் யாரும் தலைமாட்டில் உட்கார்ந்த மாதிரி ஆகக் கூடாது என்று அப்படிச் செய்தார்கள். பக்கத்தில் ஒரு ஜன்னல். எஞ்சினியர்கள் வேண்டாம் என்றார்கள், ரேமண்ட் லோவி என்ற வடிவமைப்பாளர் விடாமல் கேட்டு வைக்கச் சொன்னார். வேலை இல்லாத நேரமெல்லாம் எல்லோரும் அந்த ஜன்னலில்தான் கிடந்தார்கள். தரை முழுக்க முக்கோண ஓட்டை போட்ட கிராதி. செருப்புக்கு அடியில் முக்கோணக் கட்டை. ஓட்டையில் செருகித் திருப்பினால் கால் நிற்கும். படுக்கை சுவரில் செங்குத்தாக. ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் உண்டு.

குளியல்தான் அம்மாவுக்குப் பிடித்தது. தரையிலிருந்து துணிக் கூண்டு ஒன்றை விட்டம் வரை இழுத்து மாட்டி, உள்ளே நின்றுகொண்டு, கையில் பிடித்த குழாயால் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். ஒரு குளியலுக்கு மூன்று லிட்டருக்கும் குறைவு. தண்ணீர் கீழே விழாது, உடம்பிலேயே உருண்டையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். குளித்து முடித்து ஒவ்வொரு சொட்டையும் உறிஞ்சு குழாயால் எடுக்கவேண்டும்.

"ரெண்டு சொம்புத் தண்ணி. நாங்க குளிக்கலியா?" என்றார்.

மகளுக்குச் சிலந்தி. மாசசூசெட்ஸ் பள்ளி மாணவி ஜூடித் மைல்ஸ் கேட்ட கேள்விக்காக, ஆலன் பீன், ஓவன் கேரியட், ஜாக் லூஸ்மா போன இரண்டாவது குழுவோடு அரபெல்லா, அனிதா என்று இரண்டு சிலந்திகள் போயின. எடை இல்லாத இடத்தில் வலை பின்ன வருமா? முதலில் கோணல்மாணலாக இழுத்த அரபெல்லா, பிறகு பழகிக்கொண்டு ஒழுங்காகவே பின்னிவிட்டது. "அனிதாவா? என் கிளாஸ்ல ஒரு அனிதா இருக்கா" என்று மகள் துள்ளினாள்.

மூன்றாவது குழு ஜெரால்ட் கார், எட்வர்ட் கிப்சன், வில்லியம் போக். மூன்று பேருக்கும் அதுதான் முதல் பயணம். 84 நாள். கீழே இருந்தவர்கள் நிமிடத்துக்கு நிமிடம் வேலை கொடுத்ததில் திணறிப்போய், டிசம்பர் கடைசியில் மனம்விட்டுப் பேசினார்கள். அதன்பிறகு ஓய்வும் கிடைத்தது, வேலையும் நன்றாக நடந்தது. இதைத்தான் 'விண்வெளி வேலைநிறுத்தம்' என்று இன்றும் எழுதுகிறார்கள். முதலாளியிடம் இரண்டு வார்த்தை பேசினாலே வேலைநிறுத்தமா என்ன?

அவர்கள் கிளம்பும்போது செய்ததுதான் எனக்குப் பிடித்த விஷயம். நிலையத்தைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு, அடுத்து யாராவது வந்தால் இருக்கட்டும் என்று ஒரு பையில் சாப்பாடு, துணிமணி, படச்சுருள் எல்லாம் வைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள், பூட்டவில்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப உள்ளே போய் அந்தத் துண்டுகளை இன்னொரு சுற்று பார்த்துவிட்டு வந்தார்.

ஐந்தாம் நாள்: வீட்டுக்கு

காலையில் லக்கி பே. வெள்ளை மணல், அதன்மேல் கங்காரு. படம் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்புவது ஹைடன் வழி. பாதித் தூரத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவில், சிக்னல் வந்ததும் அம்மா ஊருக்குப் போன் போட்டார். எடுத்தது சித்தி. "ஸ்கைலாப்பைப் பாத்துட்டேன்டி. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கான்." அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, "குப்பை போட்டதுக்கு நானூறு டாலர் கட்டினாங்களாம். எஸ்பரன்ஸுக்கு. நம்மளுக்கு யாரு கட்டுவா, ஏழு கோழி" என்றார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி மகள் நச்சரித்தாள்.

"ஏழா? ஒம்பதுக்கா. சேவலை விட்டுட்டியா?"

"சேவல் திருவிழாவுக்கு அறுத்ததுடி. ஸ்கைலாப்புக்கு ஏழுதான்."

"செவலைக் கோழி?"

"அது பெரியம்மா வீட்டுக் கோழி."

ஹைடன் வந்து டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். இரண்டு பேரும் எட்டுக்கு வந்திருந்தார்கள்.